ஓநாய்த் தடம் தெரியாத காட்டுப்பெண்

டன்ஜன் மாஸ்டர்களுக்கு (டி.எம்.களுக்கு) ஒரு திறந்த மடல்



விடுமுறை நாள்களில் யாரோ ஒருவர் வீட்டு ஹாலில், அட்டைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, நாலைந்து பேருக்கு ஓர் உலகத்தை வாய்ப்பேச்சாலேயே கட்டிக் காட்டுகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். நானும் பல வருடங்களாக அந்த வேலையைச் செய்கிறவன். ஒவ்வொரு செஷனிலும் நம் வாயில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு வாக்கியத்தைப் பற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. “பெர்செப்ஷன் போடுங்க.” பாத்திரத்தின் கண்ணிலோ காதிலோ ஏதாவது படுகிறதா என்று பகடையிடம் கேட்கச் சொல்லும் வாக்கியம்.

ஏன் இதை எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மேஜைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அதுவரை ஆடியதில்லை. அவள் உருவாக்கிய பாத்திரம் ஒரு ரேஞ்சர். காட்டோரத்துக் குடிசையில் பிறந்து, நடக்கப் பழகியதிலிருந்து அப்பாவோடு விலங்குத் தடம் பார்த்து வளர்ந்தவள். அந்தக் கதையை நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஆட்டம் தொடங்கி முதல் குகை வாசலுக்கு வந்ததும் அவள்தான் முதலில் கேட்டாள்: “தரையில என்ன தெரியுது?”

நான் பழக்க தோஷத்தில் “பெர்செப்ஷன் போடு” என்றேன். இருபது முகப் பகடை உருண்டுபோய் 3-இல் நின்றது. அவளுடைய கூட்டல் 5. ஆக 8. நான் மனதில் வைத்திருந்த இலக்கு 13. “உனக்கு ஒண்ணும் தெரியல” என்றேன். உடனே பக்கத்தில் இருந்த ஃபைட்டர், “அப்ப நானும் போடறேன்” என்று பகடையை எடுத்தார். அவருடைய பாத்திரம் நகரத்துக் கூலிப்படை வீரன். விஸ்டம் 8. காட்டுப் பக்கமே போகாதவன். பகடையில் 19 விழுந்தது. “உனக்குத் தெரியுது. ஓநாய்க் காலடி. நாலஞ்சு இருக்கும்” என்று சொல்லிவிட்டேன்.

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் அவள் எதையுமே கேட்கவில்லை. தன் முறை வரும்போது அம்பு விட்டாள், அவ்வளவுதான். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: “அண்ணா, அவ காட்டுலயே பொறந்து வளர்ந்தவதானே? ஓநாய்க் காலடிகூடவா அவளுக்குத் தெரியாது?”

என்னிடம் பதில் இல்லை. இரவெல்லாம் அந்தக் கேள்வி குடைந்துகொண்டே இருந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த உலகத்தில் கண் கிடையாது, காது கிடையாது, மூக்கு கிடையாது. நாம் சொன்னால்தான் சுவர் இருக்கிறது. நாம் சொன்னால்தான் ஈர வாடை அடிக்கிறது. வாளை அவர்கள் வீசலாம், மந்திரத்தை அவர்கள் ஏவலாம், பேரம்கூட அவர்கள் பேசிக்கொள்ளலாம். பார்ப்பதை மட்டும் அவர்களால் தாங்களாகச் செய்துகொள்ள முடியாது. அந்த ஒன்றுக்கு முழுக்க முழுக்க நம்மை நம்பி இருக்கிறார்கள். அப்படி நம்பி “என்ன தெரியுது?” என்று கேட்கிற ஒருவரிடம், “ஒண்ணும் தெரியல” என்று சொல்வதற்கு ஒரு பிளாஸ்டிக் துண்டை அனுமதிக்கிறோம். குறி தவறினால் அடுத்த முறை அடிக்கலாம். கண் தவறினால் அடுத்து என்ன செய்வதென்றே ஆடுபவருக்குத் தெரியாது, ஏனென்றால் என்ன தவறியது என்பதே அவருக்குத் தெரியாது.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் மூன்று சின்னப் புத்தகங்களாக இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது பெர்செப்ஷன் என்று ஒரு எண்ணே கிடையாது. ரகசியக் கதவைத் தேடினால் ஆறு முகப் பகடையில் 1 அல்லது 2 விழ வேண்டும். எல்ஃபாக இருந்தால் 1 முதல் 4 வரை எது விழுந்தாலும் போதும். டி.எம். விரும்பினால் எல்ஃபுக்கு இன்னொரு வரமும் உண்டு: தேடாமல் சும்மா கடந்து போனாலும் 1, 2 விழுந்தால் ஏதோ இருக்கிறதென்று உள்ளுணர்வு சொல்லும். கதவில் காதை வைத்துக் கேட்டால் மனிதருக்கு ஆறில் ஒரு வாய்ப்பு, எல்ஃபுக்கும் டுவார்ஃபுக்கும் ஆறில் இரண்டு. மற்றபடி கண்ணுக்குத் தெரிவது தெரியும். அதற்குப் பகடை இல்லை.

1981-இல் வந்த பேசிக் தொகுப்பைப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி இடத்தைத் தேட ஒரு டர்ன், அதாவது பத்து நிமிடம். ஒரு தீப்பந்தம் ஆறு டர்ன் எரியும். இரண்டு டர்னுக்கு ஒரு முறை டி.எம். ஆறு முகப் பகடையைப் போடுவார், 1 விழுந்தால் அலையும் மிருகம் ஏதோ வந்துவிடும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஆட்டத்தின் சூட்சுமம் புரியும். முப்பதடி நீளச் சுவரை முழுக்கத் தேடினால் பந்தத்தில் பாதி காலி. அதற்குள் அலையும் மிருகத்துக்கான பகடை ஒரு முறையாவது விழுந்திருக்கும். தேடுவதா வேண்டாமா என்பதே ஒரு முடிவாக இருந்தது. அந்த முடிவை எடுத்தவர்கள் ஆடுபவர்கள்.

கதவில் காது வைக்கிற விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் அதற்குத் தனி விதி உண்டு. தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டும். கேட்கும் வரை கூட வந்தவர்கள் சத்தம் போடக் கூடாது. பகடையை டி.எம். மறைவாகப் போட வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1977 மான்ஸ்டர் மேனுவலில், இயர் சீக்கர் என்று ஒரு பூச்சி வந்துவிட்டது. பழைய மரக்கதவுகளில் குடியிருந்து, காது வைத்துக் கேட்பவரின் காதுக்குள் புகுந்து முட்டையிடும். குரூரமான கற்பனைதான். ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. காதைக் கதவில் வைக்கும்போது உடம்பின் ஒரு பாகத்தை ஆபத்துக்கு அருகில் கொண்டுபோகிறோம் என்பதை அந்தக் காலத்து டி.எம்.கள் மறக்கவே இல்லை. இன்று நம் மேஜையில் “கேக்கறேன்” என்று ஒருவர் சொன்னால், எங்கே நின்று, எதில் காதை வைத்து என்று நாம் கேட்பதுகூட இல்லை.

இதற்கிடையே எண்களும் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்தன. 1975-இல் கிரேஹாக் இணைப்பில் திருடன் வந்தான், பொறிகள் சம்பந்தப்பட்ட வேலைக்கும் சத்தம் கேட்பதற்கும் தனித்தனிக் கணக்கோடு. 2000-இல் மூன்றாம் பதிப்பு ஸ்பாட், லிசன், சர்ச் என்று பார்வையை மூன்றாகப் பிரித்தது. ஸ்பாட்டும் லிசனும் ஃபைட்டருக்கு உரிய திறன் பட்டியலில் இல்லை. இரவெல்லாம் கோட்டை வாசலில் காவல் நிற்பவன் யார்? ஃபைட்டர்தான். அவனுக்குப் பார்ப்பதும் கேட்பதும் வராது என்று விதி சொன்னது. 2008-இல் நான்காம் பதிப்பு எல்லாவற்றையும் பெர்செப்ஷன் என்ற ஒற்றைத் திறனாக்கி, பேசிவ் பெர்செப்ஷனையும் கொண்டுவந்தது. 2014-இல் ஐந்தாம் பதிப்பு அதைத் தொடர்ந்தது. நம்மில் பெரும்பாலானவர்கள் ஆடத் தொடங்கியது அங்கேதான்.

பேசிவ் பெர்செப்ஷன் என்றால் 10-உடன் பாத்திரத்தின் கூட்டலைச் சேர்ப்பது. பகடை தேவையில்லை. அந்தப் பெண்ணின் ரேஞ்சருக்கு அது 15. நான் வைத்த இலக்கு 13. குகை வாசலில் பகல் வெளிச்சம். அன்று நான் பகடையைக் கேட்காமல் அவளுடைய தாளை ஒரு முறை பார்த்திருந்தால், அவள் கேட்பதற்கு முன்பே ஓநாய்த் தடம் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். விதி அவள் பக்கம்தான் இருந்தது. நான்தான் அவளிடமிருந்து அதைப் பறித்தேன்.

ஒரு சின்னக் கணக்கு. அவளுக்குக் கூட்டல் 5, விஸ்டம் 8 உள்ள அந்த ஃபைட்டருக்குக் கழித்தல் 1. இருவரும் ஒரே நேரத்தில் பகடை போட்டால் வரக்கூடிய 400 சேர்க்கைகளில் 91-இல் ஃபைட்டரின் கூட்டுத்தொகையே பெரிதாக இருக்கும். ஏறக்குறைய நாலில் ஒரு முறை, வாழ்நாளெல்லாம் தடம் பார்த்தவளைவிட, தடம் என்றால் என்னவென்றே தெரியாதவன் நன்றாகப் பார்ப்பான். வாள் சண்டையில் இப்படி நடந்தால் அதிர்ஷ்டம் என்று ஏற்றுக்கொள்ளலாம். ஒரு ஊரில் பிறந்து வளர்ந்தவள் தன் தெருவை அடையாளம் கண்டுகொள்வதில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை?

“நானும் போடறேன்” என்ற கோரஸும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததுதான். கூட்டல் 2 உள்ள ஒருவர் இலக்கு 15-ஐத் தொட 40 விழுக்காடு வாய்ப்பு. அதே கூட்டலோடு நாலு பேர் போட்டால் யாராவது ஒருவர் தொட்டுவிட 87 விழுக்காடு. ஆக, கடினம் என்று நினைத்து நாம் வைக்கிற இலக்கு கூட்டத்துக்குக் கடினமாக இருப்பதில்லை. தனி ஆளுக்கு மட்டும் கொடுமையாக இருக்கிறது. முன்னால் தனியே போய் வேவு பார்க்கத் துணிகிறவருக்குத் தண்டனை, கும்பலாக நிற்பவர்களுக்குப் பரிசு. அதோடு, “பெர்செப்ஷன் போடுங்க” என்று நாம் வாய் திறந்த கணத்திலேயே அங்கே ஏதோ இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. 4 விழுந்தவர் முகத்தைப் பாருங்கள். அவருடைய பாத்திரம் நிம்மதியாக நடக்க வேண்டும், ஆனால் அவர் உள்ளுக்குள் பதறிக்கொண்டிருப்பார். பழைய விதி டி.எம்.மை மறைவாகப் போடச் சொன்னதன் காரணம் அதுதான். 2019-இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பும் இதற்காகவே ரகசியப் பகடையை விதியாக வைத்திருக்கிறது.

பேசிவ் எண்ணில் குறை சொல்பவர்கள் உண்டு. இலக்கு எண்ணை வைப்பதும் டி.எம்., பாத்திரங்களின் எண்ணை அறிந்திருப்பதும் டி.எம்., அப்படியானால் யார் எதைப் பார்ப்பார்கள் என்பதை அவர் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறார் என்பது அவர்களுடைய வாதம். உண்மைதான். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஒரு கதையைச் சொல்பவர் யாருடைய கண் வழியாகச் சொல்வது என்று தீர்மானிக்கத்தானே வேண்டும். அந்த எண் எனக்கு உதவுவது அங்கேதான்: இந்த அறைக்குள் நுழைந்ததும் முதலில் யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று அது சொல்கிறது.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப் புத்தகத்தையே நாம் முழுக்கப் படிப்பதில்லை என்பது என் வருத்தம். மங்கிய வெளிச்சத்தில் கண்ணால் பார்க்கும் பெர்செப்ஷனுக்குப் பாதகம் உண்டு. பேசிவ் எண்ணில் அது 5 குறையும். டார்க்விஷன் உள்ளவருக்கு முழு இருட்டு மங்கிய வெளிச்சமாகத் தெரியும், அதற்கு மேல் இல்லை. ஆகவே பந்தம் இல்லாமல் இருட்டில் நடக்கிற எல்ஃபின் 14 அந்த இடத்தில் 9 ஆகிவிடுகிறது. “எங்க எல்லாருக்கும் டார்க்விஷன் இருக்கு, பந்தம் வேண்டாம்” என்று கிளம்புகிற கூட்டத்தை எத்தனை முறை அப்படியே போக விட்டிருக்கிறோம்! பந்தம் பிடித்தால் நன்றாகத் தெரியும், ஆனால் தூரத்தில் இருப்பவனுக்கு நீங்களும் தெரிவீர்கள். அருமையான இக்கட்டு அது. கையில் இருந்தும் வீணாக்குகிறோம். அதே புத்தகத்தில், வேக நடை போட்டால் பேசிவ் எண்ணில் 5 குறையும் என்றும் இருக்கிறது. வழி பார்ப்பவரும் வரைபடம் போடுபவரும் தீனி தேடுபவரும் ஆபத்தைக் கவனிக்கும் கணக்கில் வர மாட்டார்கள் என்றும் இருக்கிறது. குனிந்து வரைபடம் போடுகிறவருக்குப் புதரில் அசைவது எப்படித் தெரியும்? கவனம் ஓரிடத்தில் இருந்தால் இன்னோரிடத்தில் இருக்காது என்பதை விதி எழுதியவர்கள் அறிந்தே எழுதியிருக்கிறார்கள்.

நான் எல்லோருக்கும் காட்டுகிற பகுதி ஒன்று அந்தப் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இருக்கிறது. மேசை அலமாரியின் மேல் இழுப்பறையில், மடித்த துணிக்கு அடியில் ஒரு சாவி. ஆடுபவர் அறைக்குள் நடந்து சுவரையும் சாமான்களையும் பார்க்கிறேன் என்று சொன்னால், பகடையில் எவ்வளவு பெரிய எண் விழுந்தாலும் சாவி கிடைக்காது. இழுப்பறையைத் திறக்கிறேன், அலமாரியைத் தேடுகிறேன் என்று சொல்ல வேண்டும். இருபது விழுந்தால் எல்லாமே தெரிந்துவிடும் என்று நாம் நம்புவதற்கு விதியில் ஆதாரமே இல்லை.

விளையாட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோஃபர் சப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பந்தை மாற்றி மாற்றிப் போடும் கூட்டத்தில் எத்தனை முறை பந்து கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா உடுப்பு போட்ட ஒருவர் நிதானமாக நடந்து போனார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை. 2013-இல் டிராஃப்டன் டிரூவும் உடன் இருந்தவர்களும் இதையே கதிரியக்க மருத்துவர்களிடம் செய்து பார்த்தார்கள். நுரையீரல் ஸ்கேனில் கட்டி தேடச் சொல்லிவிட்டு, படத்துக்குள் ஒரு கொரில்லாவை வைத்தார்கள். 24 பேரில் 20 பேர் கவனிக்கவில்லை. படம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். கண் கூர்மை குறைந்ததால் வந்த பிழை இல்லை அது. கட்டியைத் தேடுகிற கண்ணுக்குக் கட்டிதான் தெரியும்.

ஆகவே “இவன் எவ்வளவு கவனமானவன்?” என்ற கேள்வியை நான் இப்போது கேட்பதில்லை. “இவன் கண் எதற்குப் பழகியது? இந்த நிமிடம் எதைத் தேடுகிறது?” என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். என் மேஜையில் நடந்த ஒரு அறையைச் சொல்கிறேன். ஒரு சத்திரம், மாடியில் இறந்து கிடக்கும் வியாபாரி. கதவைத் திறந்ததும் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன்: “கட்டில், மேஜை, அணைஞ்ச விளக்கு. ஜன்னலோரம் தட்டுல பாதி சாப்பிட்ட ரொட்டி. ஆளு நாற்காலியில சாஞ்சு இருக்காரு.” பிறகு டுவார்ஃபைப் பார்த்து: “அடுப்புப் பக்கத்துச் சுவர்ல ரெண்டு கல்லுக்கு நடுவுல சாந்து நிறம் வேற. மத்ததெல்லாம் பழசு, இது இந்த மாசத்துப் பூச்சு.” ரோக்கைப் பார்த்து: “ஜன்னல் கொண்டி போட்டிருக்கு. ஆனா அதுமேல மெல்லிசா ஒரு கீறல். வெளியில இருந்து தகடு விட்டு நெம்பியிருக்காங்க. நீ செஞ்சிருந்தா கீறல் விழுந்திருக்காது.” கிளெரிக்கைப் பார்த்து: “விளக்க ஊதி அணைக்கல. திரிய விரலால நசுக்கியிருக்காங்க. உங்க மடத்துல அப்படித்தான் அணைப்பாங்க.” கடைசியாக ரேஞ்சரைப் பார்த்து: “ராத்திரி முழுக்க ரொட்டி தட்டுலயே கிடந்திருக்கு. ஒரு எறும்புகூட வரல.”

யாரும் பகடையைத் தொடவில்லை. மேஜையில் சில விநாடி அமைதி. பிறகு நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாததால், ஒருவரை ஒருவர் கேட்டாக வேண்டியிருந்தது. டுவார்ஃப் சுவரை இடிக்கிறேன் என்றார். அங்கேதான் பகடையை எடுக்கச் சொன்னேன், ஏனென்றால் கீழே சத்திரக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

முக்கியமில்லாததையும் சொல்ல வேண்டும் என்பதை இங்கே சேர்த்துவிடுகிறேன். கொலைக்குத் தொடர்புள்ளதை மட்டுமே நாம் சொன்னால், நாம் சொல்வதே துப்பாகிவிடும். அந்த அறையில் கிளெரிக்கின் திரிக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை. வியாபாரி இளவயதில் மடத்தில் இருந்தவர், அவ்வளவுதான். ஆனால் அந்தத் திரியால்தான் இறந்தவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்று கிளெரிக்குக்குத் தோன்றியது. அவர் அன்று அந்த உடலை முறைப்படி அடக்கம் செய்யாமல் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டார்.

பழைய பாணி டி.எம்.கள் இங்கே குறுக்கிடுவார்கள் என்று தெரியும். பெர்செப்ஷன் என்ற திறனையே தூக்கிப் போட்டுவிடு, ஆடுபவர் வாயால் கேட்கட்டும், கேட்டதைப் பார்க்கட்டும் என்பார்கள். மேத்யூ ஃபின்ச் 2008-இல் எழுதிய சிறு கையேட்டில் சுவரில் மாட்டிய மூஸ் தலையை வைத்து இதை அழகாக விளக்கியிருப்பார். பகடையை உருட்டி ரகசியத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வழி, அந்தத் தலையை இப்படித் திருப்புகிறேன், கொம்பை அசைக்கிறேன் என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிப்பது இன்னொரு வழி. 1978-இல் அச்சான டூம் ஆஃப் ஹாரர்ஸ் சாகசத்தில் ஆடுபவர்களிடம் காட்டுவதற்கென்றே படங்கள் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். பார்ப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. எனக்கும் அந்த ஆட்டம் பிடிக்கும்.

ஆனால் என் மேஜையில் ஒரு நண்பர் இருக்கிறார். அதிகம் பேச மாட்டார். நாலு பேர் பேசும் இடத்தில் கேள்வி கேட்கவே தயங்குவார். அவர் ஆடுவது ஒரு ஒற்றனை. அரண்மனை விருந்தில் யார் யாரைப் பார்த்துக் கண் சிமிட்டினார்கள் என்பது ஓரக்கண்ணிலேயே தெரிந்துவிடுகிற மனிதன். அந்த ஒற்றனாக மூன்று மணி நேரம் இருப்பதற்காகத்தான் அவர் ஊரின் மறுகோடியிலிருந்து வருகிறார். மூஸ் தலையைத் திருப்பத் தோன்றவில்லை என்பதற்காக அவருக்கு அதை மறுக்க எனக்கு மனம் வராது. வாள் பிடிக்கத் தெரியாதவர் வீரனாக ஆட நாம் விடுகிறோம். கேள்வி கேட்கத் தயங்குகிறவர் கூர்ந்த கண்ணுள்ளவனாக ஆடவும் விட வேண்டும். தாளில் உள்ள எண் அவருக்காகத்தான் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து நாமாகவே அவரிடம் சொல்ல வேண்டும்.

மற்ற ஆட்டங்களிலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். ராபின் டி. லாஸ் கம்ஷூ என்ற முறையைக் கொண்டுவந்தார். கதை நகரத் தேவையான துப்பு, உரிய திறன் உள்ளவர் தேடினால் கிடைத்தே தீரும், பகடை கிடையாது. 2012-இல் வந்த டன்ஜன் வேர்ல்டில் கூர்ந்து பார்க்கிற பாத்திரத்துக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடைக்கும். இரண்டு ஆறு முகப் பகடைகளில் கூட்டலோடு 10-உம் அதற்கு மேலும் வந்தால் மூன்று கேள்வி, 7 முதல் 9 வரை வந்தால் ஒரே ஒரு கேள்வி. அண்மையில் இங்கே என்ன நடந்தது, இங்கே உண்மையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது மாதிரியான கேள்விகள் பட்டியலில் இருக்கும். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை ஆடுபவரே தேர்ந்தெடுக்கிறார் பாருங்கள், அது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நம் மேஜையில் நமக்கு இன்னொரு வசதி இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. விதிகளை ஆங்கிலத்தில் படித்துவிட்டு ஆட்டத்தைத் தமிழில் நடத்துகிறோம். ஆனால் பார்ப்பது என்று வந்ததும் சட்டென்று “பெர்செப்ஷன்” என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போய்விடுகிறோம். நம் வீட்டில் யாராவது அப்படியா பேசுகிறார்கள்? கண்ணில் பட்டது என்கிறோம். எட்டிப் பார்த்தான், உற்றுப் பார்த்தாள், துழாவினான், நோட்டம் விட்டான், காது கொடுத்துக் கேட்டாள், மோப்பம் பிடித்தான் என்கிறோம். ஒவ்வொரு சொல்லிலும் உடம்பு வேறு மாதிரி இருக்கிறது. கண்ணில் படுவதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அது இலவசம். எட்டிப் பார்க்கிறவன் தலை மறைவிலிருந்து வெளியே நீள்கிறது. உற்றுப் பார்க்கிறவளுக்கு முதுகுப் பக்கம் நடப்பது தெரியாது. துழாவுகிறவன் கை, கண் போகாத இடத்துக்குள் போகிறது. பொறியோ தேளோ இருந்தால் அந்தக் கைக்குத்தான். நோட்டம் விடுகிறவனை எதிராளியும் கவனித்திருக்கக்கூடும்.

இதைக் கண்டுகொண்ட பிறகு எனக்குப் பாதி விதிகள் தேவைப்படவில்லை. “பெர்செப்ஷன் போடறேன்” என்று யாராவது சொன்னால், “என்ன செய்யற? எட்டிப் பாக்கறியா, துழாவறியா?” என்று மட்டும் கேட்கிறேன். அவர் சொல்லும் வினைச்சொல்லிலேயே விலை இருக்கிறது. எவ்வளவு நேரமாகும், எந்தப் பக்கம் பாதுகாப்பில்லை, என்ன சத்தம் வரும் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடுகிறது. பகடை போட வேண்டியிருந்தால் அந்த விலைக்காகப் போடச் சொல்கிறேன். எட்டிப் பார்த்தவருக்குச் சின்ன எண் விழுந்தால் கூடத்தில் மூன்று பூதங்கள் இருப்பது அவருக்குத் தெரியும், அவற்றில் ஒன்று அவரையும் பார்த்துவிடும். துழாவியவருக்குச் சின்ன எண் விழுந்தால் சாவி கிடைக்கும், அதற்குள் மாடிப்படியில் காலடிச் சத்தமும் கேட்கும். ஒளிந்திருப்பவன் ஒருவன் நம்மை ஏமாற்றத் திட்டமிட்டிருந்தால் மட்டும், அவன் திறமைக்கும் மரியாதை தர வேண்டும் என்பதால், முன்போலவே பார்ப்பதற்குப் பகடை. அதையும் திரைக்குப் பின்னால் நானே போடுகிறேன்.

இப்படி நடத்தினால் ஆயத்தவேலை கூடுமே என்று கேட்பீர்கள். கூடும். ஒரு அறைக்கு நாலு கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். நான் எல்லா அறைக்கும் செய்வதில்லை. ஒரு செஷனில் இரண்டு மூன்று இடங்களுக்குச் செய்கிறேன். மற்ற இடங்களில் பாத்திரத் தாளைப் பார்த்து அந்த நேரத்தில் தோன்றுவதைச் சொல்கிறேன். தவறிப்போகும் நாள்களும் உண்டு.

அந்தப் பெண் இரண்டு வாரம் வரவில்லை. தேர்வு என்று தகவல் அனுப்பியிருந்தாள். நான் அதை நம்பவில்லை, இனி வர மாட்டாள் என்றே நினைத்தேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அதே நோட்டுப் புத்தகம். ஓடைக்கரையில் கூட்டம் முகாமிட்டிருந்த இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினேன். விடியற்காலை, ஈர மண். அவள் வாய் திறக்கும் முன்பே அவளைப் பார்த்துச் சொன்னேன்: “நீ தண்ணி மொள்ள வந்தப்பவே கண்ணுல பட்டுடுச்சு. மூணு ஓநாய் ராத்திரி இந்தப் பக்கம் தண்ணி குடிக்க வந்திருக்கு. ரெண்டு திரும்பிப் போயிடுச்சு. ஒண்ணு மட்டும் உங்க கூடாரத்தச் சுத்தி நடந்திருக்கு. அது ஒரு கால இழுத்து இழுத்து நடக்குது.”

பகடையை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. பென்சிலை எடுத்தாள்.

“முன்னங்காலா, பின்னங்காலா அண்ணா?”